டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் விருப்பத்துக்கு விடும் பொருள் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டிராவல் டிரெய்லரில் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியில்) இன்வெர்ட்டர் பொருத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பேட்டரிக் கணக்கை இத்தனை எளிமையாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், இன்வெர்ட்டரின் அவுட்புட்டை டிபி பாக்ஸில் காலியாக இருக்கும் ஒரு பிரேக்கரில் கொடுத்துவிடலாம், இன்வெர்ட்டரைப் போடுமுன் மெயின் பிரேக்கரை மறக்காமல் அணைத்தால் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (வெளிக்கரண்டும் இன்வெர்ட்டரும் ஒன்றோடொன்று சேராமல் மாற்றித் தரும் சுவிட்ச்) தேவைப்படாது என்று இருந்தது. அந்த ஒரு பத்திக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் டிரெய்லரும் முதலில் அப்படித்தான் இருந்தது. வேலை செய்து கொடுத்தவர் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, எதை முதலில் அணைப்பது, எதை அப்புறம் போடுவது என்று வரிசையாக எழுதியிருந்தார். எட்டு மாதம் அதன்படியே நடந்தோம். ஒரு நாள் மதியம் வழியில் நிறுத்தி, சாப்பாட்டைச் சுடவைக்க இன்வெர்ட்டரைப் போட்டேன். மெயினை அணைக்கவில்லை. பிறகு இன்வெர்ட்டரை அணைக்கவும் மறந்துவிட்டேன். இரவு மழையில் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். என் மனைவி இறங்கி, டிரெய்லரின் கேபிளை இழுத்துப்போய், முகாமில் கரண்ட் தரும் கம்பத்துப் பெட்டியில் சொருகினார். உள்ளே டப்பென்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாடை. இன்வெர்ட்டர் போய்விட்டது.

அது போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். மெயின் போட்டபடியே இருந்ததால் இன்வெர்ட்டரின் கரண்ட் டிபி பாக்ஸ் வழியாகப் பின்னோக்கிப் போய், அவர் ஈரக் கையில் பிடித்திருந்த பிளக்கின் பித்தளைக் கால்கள் வரை வந்து நின்றிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் வராது. சொருகுவதற்கு முன் விரல் கொஞ்சம் நழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? களைப்பும் இருட்டும் மழையும் சேர்ந்து வரும் நேரத்தில் கதவில் ஒட்டிய தாள் யாரையும் காப்பாற்றாது.

சொருகியதும் வெடித்ததற்குக் காரணம் உண்டு. இன்வெர்ட்டரும் வெளிக்கரண்டும் ஒரே வோல்ட், ஒரே ஹெர்ட்ஸாக இருக்கலாம். ஆனால் இரண்டின் அலைகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது பள்ளத்தில் இருந்தால், அந்த வித்தியாசம் முழுவதையும் இன்வெர்ட்டரின் டிரான்சிஸ்டர்கள்தான் தாங்க வேண்டும். பெரும்பாலும் தாங்காது.

டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் இதற்கு வழியே விடாது. வெளிக்கரண்ட் ஒரு பக்கம், இன்வெர்ட்டர் மறுபக்கம், நடுவில் வண்டியின் லோடு. சுவிட்ச் இங்கே தொட்டால் அங்கே தொடாது. வெளிக்கரண்ட் வந்ததும் ரிலே தானாக மாறும் வகை வசதியானது. 1-0-2 என்று கையால் திருப்பும் சேஞ்ச் ஓவர் சுவிட்சும் அதே பாதுகாப்பைத் தரும். ஆனால் எதை வாங்கினாலும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் 'இரண்டு போல்' (double pole) சுவிட்சாக இருக்க வேண்டும். ஃபேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரல்களை ஒரே பட்டையில் (நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டையில்) விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கேதான் மிகுதியான தவறு நடக்கிறது. உங்கள் கட்டுரையில் நியூட்ரல் என்ற சொல்லே இல்லை.

வெளிக்கேபிளில் இருக்கும்போது டிரெய்லருக்குள் நியூட்ரலும் எர்த்தும் எங்குமே சேர்ந்திருக்கக் கூடாது. அவை சேரும் இடம் வெளியே, சப்ளை பக்கத்தில் இருக்கிறது. உள்ளேயும் சேர்த்துவிட்டால் திரும்பிப் போகும் கரண்டில் ஒரு பங்கு எர்த் ஒயரிலும் வண்டியின் சேஸியிலும் (உலோகச் சட்டத்திலும்) ஓடும். கம்பத்தில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக அணையும் பிரேக்கர்) இருந்தால் அது டிரிப் ஆகும். 'அந்த முகாமில் சொருகினாலே டிரிப் ஆகிறது, கம்பம் சரியில்லை' என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேபிளைக் கழற்றி இன்வெர்ட்டருக்கு மாறியதும் நிலைமை தலைகீழ். இப்போது வெளியில் இருந்த அந்தச் சேர்க்கை இல்லை. இன்வெர்ட்டர்தான் அதைத் தர வேண்டும். தராவிட்டால் ஃபேஸ் ஒயர் உரசி சேஸியைத் தொட்டாலும் பிரேக்கர் விழாது, எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். முதல் பழுது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது பழுது வரும்போது ஆளைப் பிடிக்கும். வண்டிகளுக்கென்றே செய்யப்படும் நல்ல இன்வெர்ட்டர்-சார்ஜர்களில் பேட்டரிக்கு மாறும்போது சேர்க்கவும் வெளிக்கரண்ட் வந்ததும் பிரிக்கவும் உள்ளேயே ஒரு ரிலே இருக்கும். நான் இரண்டாவதாக வாங்கியது அந்த வகை.

விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இரண்டு முனைகளும் எர்த்துக்கு எதிரே பாதிப் பாதி வோல்ட்டில் நிற்கும். அவற்றில் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்தால் இன்வெர்ட்டரே எரிந்துபோகும். அப்படிப்பட்டதை வண்டியின் ஒயரிங்கில் இணைக்கவே வேண்டாம். அதன் சாக்கெட்டில் நேராக ஒரு சாமானைச் சொருகிப் பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் சார்ஜர். டிபி பாக்ஸ் முழுவதையும் இன்வெர்ட்டருக்கு மாற்றினால், வெளிக்கரண்டில் பேட்டரியை ஏற்றும் சார்ஜரும் அதில் சேர்ந்துகொள்ளும். பேட்டரியிலிருந்து எடுத்து அதே பேட்டரிக்குக் கொடுக்கும் வேலைதான் நடக்கும். இன்வெர்ட்டரில் 10 சதவீதமும் சார்ஜரில் 15 சதவீதமும் வீணாவதாக வைத்துக்கொண்டால் 100 வாட் எடுத்து 76 வாட் திரும்ப வருகிறது. காலையில் பேட்டரி காலியாக இருப்பதைப் பார்த்து, புது பேட்டரி ஏமாற்றிவிட்டது என்று நினைப்போம். அதனால் ஒரு சின்ன டிபி பாக்ஸைத் தனியாக வைத்து, சாக்கெட்டுகளையும் மைக்ரோவேவையும் மட்டும் அதற்கு மாற்றுவதுதான் சரி. சார்ஜர், ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாம் பழைய பெட்டியிலேயே, வெளிக்கரண்டில் மட்டும் இருக்கட்டும். ஒரு சர்க்யூட்டை மாற்றும்போது அதன் ஃபேஸோடு நியூட்ரலையும் புதுப் பெட்டிக்குக் கொண்டுவர வேண்டும். பழைய பட்டையில் மாட்டிக்கிடக்கும் ஒரே ஒரு நியூட்ரலைத் தேடி நானும் இப்போது ஒயரிங் பார்ப்பவரும் ஒரு முழு நாளைச் செலவழித்தோம்.

பேட்டரிப் பக்கத்தைக் கட்டுரை ஓரளவு சொல்லியிருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 12 வோல்ட்டில் 2000 வாட் என்றால் வெறும் கணக்கிலேயே 167 ஆம்பியர். இழப்பையும் சேர்த்தால் 190ஐத் தொடும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் 2 மீட்டர் தூரம், போய்வர 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் போட்டால் அந்தக் கேபிளே 150 வாட்டுக்கு மேல் வெப்பமாக வீணாக்கும், பலகைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல். 70 சதுர மில்லிமீட்டர் என்றால் அது சுமார் 35 வாட்டுக்கு இறங்கிவிடும். லித்தியம் பேட்டரி ஷார்ட்டானால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அதைத் துண்டிக்கும் திறன் உள்ள கிளாஸ் டி (Class T) ஃபியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் வையுங்கள். இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள கேபிளுக்குக் காவல் இல்லை.

ஆசிரியர் அவர்களே, அடுத்த இதழில் அந்தப் பத்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு போல் டிரான்ஸ்ஃபர் சுவிட்சோடு ஒரு ஒயரிங் படமும் வந்தால் மிகவும் நல்லது. கட்டுரை வந்த அதே பகுதியிலேயே போடுங்கள். வெட்டி வைத்துக்கொண்டவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்