கிளாஸ்கோவிலிருந்து கோபாலுக்கு

அன்புள்ள கோபால்,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். உனக்கு அந்த வழக்கமே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

மகன் வாங்கிய வீடு எப்படி என்று கேட்டிருந்தாய். ஊரின் தென்பகுதியில், ஸ்ட்ராத்பங்கோவில், ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் கல்வீடுகளில் ஒன்று. விக்டோரியா ராணி காலத்தது. ஆனால் நீ பார்க்க வேண்டியது இது அல்ல. நடக்கும் தூரத்தில் இருக்கும் மரே பிளேஸ். கிளாஸ்கோக் கட்டடக்கலைஞர் அலெக்சாண்டர் தாம்சன் 1859 முதல் 1861 வரை கட்டிய பத்து வீடுகளின் வரிசை. வரிசையின் இரு முனைகளிலும் உள்ள வீடுகள் சற்று முன்னால் வந்து, தலையில் முக்கோண முகப்புடன் நிற்கின்றன. நடுவே மாடி நெடுகச் சதுரத் தூண்கள், எங்கும் நிற்காமல் ஓடுகின்றன. எந்த வீடு எங்கே முடிகிறது என்று தெருவிலிருந்து பார்த்தால் பிடிபடாது. காசுள்ள பத்துப் பேர் வாங்கும் வீடுகளில் ஒருவருக்கும் தனி ஜம்பம் காட்ட இடம் வைக்காத தைரியத்தை என்ன சொல்ல! புகைபோக்கிகளின் தலையில் மட்டும் தாமரை வடிவம். எதிரே ரயில் பாதை.

கிரேக்கப் பாணியால் 'கிரேக்கத் தாம்சன்' என்று பெயர் எடுத்தவர் கிரேக்க நாட்டில் கால் வைத்ததே இல்லை. இந்த வரிசையின் முதல் வீட்டில் தானே குடியேறி, 1875இல் இறக்கும்வரை இருந்தார். தான் கட்டியதில் தானே குடியிருப்பவரை நம்பலாம் என்பது என் கட்சி.

ஊரின் மேற்கே அவருடைய இன்னொரு வீட்டு வரிசை, கிரேட் வெஸ்டர்ன் டெரஸ், இருக்கிறது. 1867இல் தொடங்கியது. அங்கே உயரமான இரண்டு பகுதிகளை முனைகளில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார். நம் அலுவலகத்தில் இப்படி வரைபடம் போட்டிருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருப்பார்கள்.

இனி கல் விஷயம். பழைய வீடுகள் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டிய வெளிர் மணற்கல். ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலிருந்து ரயிலில் வந்த சிவப்புக் கல் பின்னால்தான் பெருகியது. நிலக்கரிப் புகையில் எல்லாம் கறுத்துப்போனது. பிறகு சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியும் அமிலம் தடவியும் பல வீடுகளில் கல்லின் மேல்தோலையே உரித்துவிட்டார்கள். கறுப்பே தேவலை.

எங்கள் வீட்டில் வேறு வியாதி. முன்பிருந்தவர் கல் இடுக்குகளைச் சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார். சிமென்ட் கல்லைவிடக் கடினம். உள்ளே இறங்கிய ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகவே வருகிறது. குளிரில் அது உறைய, கல்முகம் வெங்காயச் சருகாக உதிர்கிறது. காரை கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்வது காரையாக இருந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசக் கொத்தனார் ஒருவரைப் பேசியிருக்கிறோம். உறைபனி இருக்கும்வரை சுண்ணாம்பு வேலை கூடாது என்று வசந்தத்துக்குத் தள்ளிவிட்டார். விவரமான ஆள்.

அதற்குள் கூரைச் சண்டை வேறு. எங்கள் கூரை விளிம்பின் மழைநீர்க் கால்வாய் அப்படியே அடுத்த வீட்டுக்கும் ஓடுகிறது. அவர் பக்கம் அடைத்தால் எங்கள் சுவர் நனைகிறது. தெருவிலிருந்து பார்க்க ஒரே மாளிகை. செலவுக்கு மட்டும் தனித்தனி வீடு. இந்த முகப்பைப் போட்டவர் கால்வாய்க் கணக்கையும் போட்டுக் கொடுத்திருக்கலாம். மகன் பக்கத்து வீட்டுக்காரரைத் தேநீருக்கு அழைத்திருக்கிறான், பார்ப்போம்.

கொத்தனார் வேலை முடியும்வரை நான் இங்கேதான். உன் பேத்தியின் தேர்வு முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
ராமநாதன்