சேகருக்கு, உன் பேத்தி பேர் விஷயமா

டேய் சேகரு,

நீ அனுப்பின அவ்வளவு நீள மெசேஜ ராத்திரி படுத்துக்கிட்டே படிச்சேன், சிரிச்ச சிரிப்புல வீட்ல முழிச்சு இந்த நேரத்துல என்ன இளிப்புன்னு ஒரு அதட்டல் போட்டா. தாத்தா ஆயிட்டியே மக்கா! ஹாஸ்டல்ல பக்கெட்டுக்கு சண்டை போட்ட பயலுவ எல்லாம் தாத்தா. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்கல்ல, 2.9 கிலோன்னு போட்டிருந்த, நல்ல எடை தான். உன் பொண்ண அதிகமா போன் பாக்க விடாத.

இங்க பெருசா ஒண்ணும் இல்ல. மழை நிக்கவே மாட்டேங்குது, ரப்பர்ல பால் வெட்ட ஆள் வரல, அம்மாவுக்கு ரெண்டாவது கண்ணுலயும் ஆபரேஷன் முடிஞ்சுது, இப்ப சுவத்துல இருக்க அழுக்கெல்லாம் தெரியுதுன்னு என் பொண்டாட்டிகிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணிட்டு இருக்கா, எனக்கு தான் நடுவுல கிடந்து முழி பிதுங்குது. சரி அத விடு, விஷயத்துக்கு வாரேன்.

நீலாம்பரின்னு வைக்கணும்னு உன் பொண்ணு பிடிவாதமா இருக்கா, மாப்பிள்ளை வீட்ல "படையப்பா வில்லி பேரா"ன்னு மூஞ்ச தூக்குறாங்க, உன் சம்பந்தி "நித்யான்னு வைங்க, நிவேதிதான்னு வைங்க, எவ்வளவோ இருக்கே"ங்கிறாரு, நீ அடிபட்டவனாச்சே நீ சொல்லுன்னு என்கிட்ட கேக்குற. அடிபட்டவன்னு நீ எத சொல்றன்னு தெரியாமலா இருக்கேன், சவத்த, தலையில தானே அடி.

என் பேர் கதை உனக்கு பாதி தான் தெரியும். மார்ஷல் நேசமணி செத்தது 1968 ஜூன்ல, அதே வருஷம் டிசம்பர்ல நான் பொறந்தேன், எங்க தாத்தா வேற யாரையும் கேக்கவே இல்ல, ஞானஸ்நானத்துக்கு இந்த பேர் தான்னு சொல்லிட்டாரு. 54-ல எங்க ஊர தமிழ்நாட்டோட சேக்கணும்னு போராடி மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூடு நடந்தப்ப தாத்தா போராடினவங்க பக்கம் இருந்தவரு. நவம்பர் 1, 1956-ல கன்னியாகுமரி தமிழ்நாட்டோட சேந்ததுக்கு மார்ஷல் தான் காரணம்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. நாகர்கோவில் கோர்ட்ல மேல்சாதி வக்கீலுக்கு நாற்காலி, மத்தவனுக்கு முக்காலின்னு இருந்துச்சாம், மார்ஷல் உள்ள போய் முக்காலிய எல்லாம் எட்டி உதைச்சாருன்னு தாத்தா கால தூக்கி காட்டுவாரு, ஒரு தடவ பாட்டி வச்சிருந்த சருவம் உருண்டு போச்சு. எங்க ஊர்ல இந்த பேருக்கு அப்படி ஒரு வெயிட்டு, கேட்டியா.

அப்புறம் 2001 பொங்கலுக்கு பிரண்ட்ஸ் படம் வந்துச்சு, வடிவேலு பெயின்ட் காண்ட்ராக்டர் நேசமணி, தலையில சுத்தியல் விழுது. அப்ப கூட பெருசா ஒண்ணும் இல்லடா, பேங்க் பிராஞ்ச்ல ரெண்டு பேர் காண்ட்ராக்டர்னு கூப்பிட்டானுவ, ஆறு மாசத்துல மறந்துட்டானுவ. தப்பிச்சேன்னு நெனச்சேன்.

2019 மே கடைசி. பாகிஸ்தான்ல எவனோ நடத்துற சிவில் இன்ஜினியரிங் பேஜ்ல சுத்தியல் படத்த போட்டு உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருன்னு கேக்க, நம்ம ஆளு ஒருத்தன் போய் இது சுத்தியல், இதால தான் காண்ட்ராக்டர் நேசமணி மண்டைய உடைச்சாங்கன்னு பதில் போட, இன்னொருத்தன் வந்து இப்ப எப்படி இருக்காருன்னு கேக்க, விடிஞ்சா உலகமே நேசமணிக்காக பிரார்த்தனை பண்ணுது. டில்லியில மே 30 பிரதமர் பதவியேற்பு, ட்விட்டர்ல நேசமணி. எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்? கவுன்டர்ல உக்காந்திருக்கேன், முன்னாடி "அ. நேசமணி"ன்னு போர்டு, காலேஜ் பையன் ஒருத்தன் டிடி எடுக்க வந்தவன் போர்ட பாக்குறான், என்ன பாக்குறான், மறுபடி போர்ட பாக்குறான், ரொம்ப அக்கறையா "சார், தலை எப்படி இருக்கு?"ங்கிறான். நான் முந்தின நாள் தான் டை அடிச்சிருந்தேன். "நல்லா இருக்கா தம்பி, கொஞ்சம் கருப்பு ஜாஸ்தியோ"ன்னு கேட்டேன் பாரு, க்யூ மொத்தமும் சிரிச்சுது!

அன்னைக்கு 40 பேராவது போர்ட போட்டோ எடுத்திருப்பானுவ. மேனேஜர் ஒரு மாசத்துக்கு போர்ட டிராயர்ல வைங்க சார்னுட்டாரு. நானும் வச்சிட்டேன். எனக்கு அது பெருசா தெரியல, ஆனா பையன் அப்ப பன்னெண்டாவது போற சமயம், ட்யூஷன்ல அவன அந்த படத்துல வர்ற மாதிரி அப்ரசண்டி அப்ரசண்டின்னு கூப்பிட்டு, அவன் வீட்டுக்கு வந்து என்கிட்ட ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் "உங்களுக்கு வேற பேரே கிடைக்கலயா"ன்னான். பேர நானா வச்சேன்? அது வலிச்சுது சேகரு, சும்மா சொல்லக்கூடாது. தாத்தா கதைய சொன்னேன், முக்காலி கதையும் சொன்னேன், அவன் முகத்துல ஒண்ணும் மாறல. போர்டு மட்டும் எப்படி திரும்ப வந்துச்சுன்னா, ஆடிட் வந்தவரு கவுன்டர்ல பேர் போர்டு எங்கன்னு கேட்டு எழுதிட்டாரு, மறுநாளே வெளிய வந்துருச்சு, இன்னும் அங்க தான் இருக்கு.

ஏன் இவ்வளவு இழுக்குறேன்னா, கணக்கு போட்டு பாரு, படம் 2001, கூத்து 2019, நடுவுல 18 வருஷம். படையப்பாவுல நீலாம்பரி ரூமுக்குள்ள அடைஞ்சு கிடந்து வெளிய வர்றதும் 18 வருஷம் கழிச்சு தானே! படம் வந்து 25 வருஷத்துக்கு மேல ஆச்சு, இனி எவன் ஞாபகம் வச்சிருப்பான்னு நீ எழுதியிருந்த பாரு, அந்த ஒரு காரணத்த மட்டும் நம்பாத. போன்ல அந்த சீன் தினமும் ஓடிட்டு தான் இருக்கு. நாளைக்கு நித்யான்னு நீ வை, நாளன்னைக்கு நித்யான்னு ஒரு பேய் படம் வரும். சந்திரமுகின்னா நெலா மாதிரி முகம்னு தானேடா அர்த்தம், 2005-க்கு அப்புறம் அந்த பேர யாரு வைக்கிறா? காஞ்சனா எவ்வளவு நல்ல பேரு, லாரன்ஸ் படத்துக்கப்புறம் அதுவும் போச்சு. இதுக்கு பயந்தா பிள்ளைக்கு நம்பர் தான் வைக்கணும், அதுலயும் 420 வந்துரும்.

ஆனா உன் சம்பந்தி சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. என் பேருக்கு சிரிப்பு மட்டும் தான் வரும். இந்த பேருக்கு குணம் ஒட்டிக்கிட்டு வரும். பிள்ளை சோறு வேண்டாம்னு தட்ட தள்ளினா "பேருக்கேத்த மாதிரி"ம்பாங்க, ஸ்கூல்ல எதிர்த்து ஒரு கேள்வி கேட்டா டீச்சரே சொல்லும். ரம்யா கிருஷ்ணன் அந்த கேரக்டர அப்படி பண்ணிட்டாங்க, ரஜினி படத்துல ரஜினிக்கு சமமா நின்ன பொம்பள வேற யாரு சொல்லு. ஆனா யோசிச்சு பாத்தியா, எங்க பிராஞ்ச்ல ஒரு மேடம், பேரு சாந்தி, லோன் பைல்ல ஒரு பேப்பர் குறைஞ்சாலும் கையெழுத்து போடாது, அதுக்கு ஸ்டாஃப் வச்ச பேரு நீலாம்பரி. சாந்தின்னு வச்சும் தப்பிக்கல! வாய் திறந்து பேசுற எந்த பொண்ணுக்கும் இந்த ஊர்ல அந்த பேர் எப்படியும் வந்து சேருது, அப்ப தாத்தா வீட்டு சொத்தா வந்தா என்ன குறைஞ்சு போச்சு? உன் பொண்ணு பிடிவாதத்த பாத்தா பேத்தி ஒண்ணும் வாய்மூடியா இருக்கப் போறதில்ல.

அப்புறம் ஒண்ணு, நீ மெசேஜ்ல உங்க அப்பாவ பத்தி ஒரு வரி கூட எழுதல, கவனிச்சேன். 88 மே லீவுக்கு நான் உங்க வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கா? அர்த்தஜாமத்துக்கு உங்க அப்பா நாயனத்த துணி உறையில இருந்து எடுத்து, சீவாளிய உதட்டுல வச்சு வச்சு ஈரம் பண்ணி, நம்ம ரெண்டு பேரையும் கூட்டிட்டு கோயிலுக்கு போனாரு. கோயில்ல மொத்தமே ஆறேழு பேரு, அதுல ஒருத்தன் வேதக்காரன், நானு. சாமிய பல்லக்குல பள்ளியறைக்கு கொண்டு போறாங்க, உள்ள சின்ன ஊஞ்சல், எண்ணெ விளக்கு. அவ்வளவு நேரம் காத கிழிச்ச அந்த நாயனம் திடீர்னு எவளோ ஒரு கிழவி முணுமுணுக்கிற மாதிரி இறங்கிருச்சு. தவில்காரர் குச்சிய கீழ வச்சிட்டு விரலால மட்டும் தட்டினாரு. எனக்கு ராகம் ஒரு எழவும் தெரியாது, சர்ச்ல கீர்த்தனை பாடி வளந்தவன், தூண்ல சாஞ்சு தூங்கிட்டேன். எழுப்பினது உங்க அப்பா தான். மன்னிச்சிருங்கப்பான்னேன், "தூங்கினா தாம்பா நான் சரியா வாசிச்சேன்னு அர்த்தம், இது நீலாம்பரி"ன்னாரு. வர்ற வழியெல்லாம் இது சங்கராபரணத்தோட பிள்ளை, தீட்சிதர் நாகப்பட்டினம் அம்பாள் மேல பாடினது இதுல தான், தியாகராஜரோட ஊஞ்சல் பாட்டு உய்யால லூகவய்யா கூட இதுதான்னு சொல்லிட்டே வந்தாரு, நீ கொட்டாவி விட்டுட்டே வந்த.

உன் சம்பந்திகிட்ட இத சொல்லு. படத்துலயும் ஊஞ்சல் உண்டு சார், துண்ட வீசி இழுத்து உக்காருவாரே அந்த ஊஞ்சல், ஆனா அதுக்கு எவ்வளவோ முன்னாடியே நீலாம்பரிக்கு ஊஞ்சல் உண்டுன்னு சொல்லு. எங்க அப்பா தினம் ராத்திரி சாமிய தூங்க வச்ச பேருன்னு சொல்லு. இத நீ தான் சொல்லணும், உன் பொண்ணு சொன்னா பிடிவாதம்பாங்க.

அனுஷத்துக்கு ந, நி, நு, நே-ல வரணும்னு ஜோசியர் சொன்னாருன்னு எழுதியிருந்த. நே-ன்னா என் பேரும் லிஸ்ட்ல இருக்கு, ரொம்ப முடியலன்னா எடுத்துக்கோ, ராயல்டி வேண்டாம்.

பேங்க்காரனா ஒரு விஷயம், அவசரப்பட வேண்டாம். பொறந்தத 21 நாளுக்குள்ள பதியணும், ஆனா பேர் இல்லாமலே பதியலாம், ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணா காசில்லாம பேர் சேத்துக்கலாம், அதுக்கப்புறமும் 15 வருஷம் வரைக்கும் லேட் பீஸ் கட்டி சேக்கலாம். ஆனா ஒரு தடவ ஏத்திட்டா மாத்துறது பெரும்பாடு, கெஜட்டு அது இதுன்னு அலைய விடுவாங்க. இங்கிலீஷ்ல நீ-க்கு ஈ ரெண்டா, ஐ ஒண்ணான்னு இப்பவே ஒரே மாதிரி முடிவு பண்ணிக்கோங்க, ஆதார்ல ஒண்ணு பாஸ்புக்ல ஒண்ணுன்னு ஆகி கவுன்டர்ல வந்து அழுறவங்கள தினம் பாக்குறேன். மத்தபடி வீட்ல நீலா, நீலுன்னு கூப்பிட்டுட்டு போங்க.

30-ம் நாள் தொட்டில் போடுறீங்கல்ல, நானும் இவளும் வாரோம். நேந்திரங்கா சிப்ஸ் அஞ்சு கிலோ, மட்டிப்பழம் ஒரு குலை. பையனும் கோயம்புத்தூர்ல இருந்து வரேன்னான், அவன் போன்ல இப்ப என் நம்பர "காண்ட்ராக்டர்"னு தான் சேவ் பண்ணி வச்சிருக்கான்.

நீ உத்தரத்துல தொட்டில் கொக்கி அடிக்க ஆள் கூப்பிட்டா, கீழ யாரும் நிக்காம பாத்துக்கோ. அனுபவஸ்தன் சொல்றேன்.

உன்
நேசமணி