குழாய்க்குள் இறங்கும் முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி நீ பழையபடி நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பையன் டைவிங் பயிற்சி முடித்துவிட்டு, கடலில் போய் விழும் மழைநீர்க் குழாய்களைப் பழுதுபார்க்கும் குழுவில் சேரப்போகிறான் என்று எழுதியிருந்தாய். நானும் இப்போது அந்த வேலையைத்தான் மேற்பார்வை செய்கிறேன். அதனால் அவனுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

நல்ல வேலைதான். ஆனால் குழாய் வாயருகே தண்ணீர் பெரும்பாலும் கலங்கியே கிடக்கும். விளக்கடித்தால் கண்முன்னே வெள்ளையாகப் புகை மூட்டம், அவ்வளவுதான். ஒலியை அனுப்பித் துழாவும் சோனாரும் கேமராவும் எவ்வளவோ சொல்லும், ஆனாலும் கடைசியில் கைதான் கண். குழாயில் ஒட்டி வளர்ந்த கொட்டலசுச் சிப்பிகளைச் சுரண்டிவிட்டு இணைப்பைச் சுற்றி விரலை ஓட்டினால் எங்கே வாய் பிளந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். குழாய்க்கு அடியிலும் கையை விட்டுப் பார்க்க வேண்டும். அலை மணலை அரித்துக்கொண்டு போயிருந்தால் குழாய் அந்தரத்தில் தொங்கும். அங்கே காலிப் பைகளை வைத்து அவற்றுக்குள் சிமெண்ட் கலவையைச் செலுத்தி முட்டுக் கொடுக்கிறோம். சின்ன விரிசலுக்குத் தண்ணீருக்குள்ளேயே இறுகும் எப்பாக்ஸிப் பசை போதும். உப்பு ஊறிக் கான்கிரீட்டுக்குள் கம்பியே துருப்பிடித்துவிட்டால் மேலே பூசிப் பயனில்லை. பழைய குழாய்க்குள் புதிய பிளாஸ்டிக் குழாயைச் செருகுவதுதான் சரி.

அப்புறம், முக்கியமான விஷயம். கடல் நீர் உள்ளே ஏறாமலிருக்கக் குழாயின் வாயில் ஒரு மூடி வால்வு இருக்கும். அதில் ஒரு கட்டை சிக்கி மூடாமல் நிற்கிறது என்று வை. கடல் மட்டம் உயர்ந்து உள்ளே மட்டம் தாழ்ந்திருந்தால், அந்த இடைவெளி வழியே தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். கொஞ்சம் தள்ளி நிற்கிறவனுக்கு அந்த இழுப்பு தெரியவே தெரியாது. கிட்டே போனதும் பிடித்துக்கொள்ளும். 60 செ.மீ. விட்டமுள்ள வாயை ஒருவன் உடம்பு அடைத்துவிட்டால், இரு பக்கமும் வெறும் 1 மீட்டர் மட்ட வித்தியாசம் இருந்தாலே 280 கிலோவுக்கு மேல் அழுத்தும். மேலே இருந்து கயிற்றை இழுத்து அவனை மீட்க முடியாது. 2022 பிப்ரவரியில் கரீபியன் தீவான டிரினிடாடில் எண்ணெய்க் குழாய் ஒன்றில் வேலை செய்த 5 டைவர்களை அந்த 30 அங்குலக் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது. ஒருவர்தான் உயிரோடு வெளியே வந்தார். அந்தச் செய்தியை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் என் குழுவில் இரு பக்க மட்டமும் ஒன்றான பிறகுதான் ஆளை இறக்குவேன். எவ்வளவு தாமதமானாலும் சரி. மேல் பக்கம் மழை வரும்போலிருந்தாலும் வேலையை நிறுத்திவிடுவேன், ஏனென்றால் தூரத்தில் பெய்தாலும் தண்ணீர் இந்தக் குழாய்க்குத்தான் வரும்.

பையனிடம் சொல்: மட்டத்தை அளந்தது யார், எந்த வால்வைப் பூட்டியிருக்கிறார்கள், சாவி யாரிடம் என்று கேட்காமல் இறங்கக் கூடாது. புதுப் பையன் கேட்கிறானே என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வேலையில் சேரும் முன் ஒருநாள் என்னோடு பேசச் சொல். இரவு 8 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
ராஜா