தறிச் சத்தம் கொஞ்சம் அனுப்பு, ஆயா

அபர்டீன், ஸ்காட்லாந்து
ஜூன் 29, ஞாயிறு

அன்புள்ள ஆயாவுக்கு,

உன் பேத்தி எழுதுவது. இங்கே நலம். நீயும் தாத்தாவும் எப்படி இருக்கிறீர்கள்? தாத்தாவின் முட்டிவலி தேவலையா?

போனில் பேசினால் உனக்குச் சரியாகக் காதில் விழுவதில்லை. "சாப்டியா, நல்லா இருக்கியா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். தம்பி திண்ணையில் உட்கார்ந்து உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவான். போன வாரம் வீடியோவில் என்னைப் பார்த்து, "இன்னாடீ, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், சொன்னால் அழுதுவிடுவாள். உன்னிடம் சொல்லலாம். நீ ஏழு பிள்ளை வளர்த்தவள்.

பாப்பா இராத்திரியில் தூங்குவதில்லை ஆயா. மூன்று வாரமாக.

பிப்ரவரியில் பிறந்ததிலிருந்து மூன்றரை மாதம் அவ்வளவு சமர்த்தாக இருந்தாள். இந்த நாட்டில் 2017 ஆகஸ்ட் முதல் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் அரசாங்கமே ஒரு அட்டைப்பெட்டி கொடுக்கிறது. துணிமணி, போர்வை, தெர்மாமீட்டர், படம் போட்ட புத்தகம் எல்லாம் அதில் இருக்கும். சாமான்களை எடுத்துவிட்டு அடியில் மெத்தையைப் போட்டால் அந்தப் பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. அதில்தான் தூங்கினாள். பத்து மணிக்குப் பால் குடித்துவிட்டுத் தோளில் சாய்ந்தால் மூன்று மணிவரை அசையமாட்டாள். பெட்டி பத்தாமல் போய் மரக்கட்டிலுக்கு மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு நாள் இராத்திரி திடீரென்று ஆரம்பித்தது.

பத்தரைக்குப் படுக்க வைத்தேன். பதினொன்றேகாலுக்கு எழுந்து அழுதாள். தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்தால் 12.05க்கு மறுபடி. அப்புறம் 12.50, 1.40, 2.25. நம் வீட்டில் பால் கணக்கு எழுதுவது போல ஃபிரிட்ஜ் மேலே இருக்கிற காலண்டரில் மணியை எழுதி வைத்தேன். மறுநாளும் அதே, அதற்கடுத்த நாளும் அதே. ஏதோ அலாரம் வைத்தது போல முக்கால் மணிக்கு ஒரு தடவை.

நினைக்காதது இல்லை ஆயா. பால் பத்தவில்லையோ, காய்ச்சலோ, பல் முளைக்கிறதோ, எங்காவது உரம் விழுந்திருக்குமோ என்று. நீ இருந்திருந்தால் சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்திருப்பாய். ஒரு வெள்ளிக்கிழமை திருஷ்டி சுற்றினேன். மிளகாயைப் போட்டால் புகைக்கு அலாரம் கத்தும், அதனால் கல்லுப்பை மட்டும் சுற்றித் தண்ணீரில் கரைத்தேன்.

போதாக்குறைக்கு இந்த ஊர் வெளிச்சம். குடியாத்தத்தில் ஆறரைக்கு விளக்கு வைத்தால் ஏழு மணிக்கு இருட்டிவிடும். இங்கே ஜூன் மாதத்தில் இராத்திரி பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, காலை நாலேகாலுக்கெல்லாம் உதித்துவிடுகிறது. இடையிலும் முழு இருட்டு கிடையாது, வானம் சாம்பல் பூத்தது போலவே நிற்கும். வெளிச்சம் வந்ததும் கடற்காகங்கள் கூரைமேல் உட்கார்ந்து கத்த ஆரம்பிக்கும். நம் காக்கையைவிடப் பெரிய பறவை, குரலும் அப்படி. ஊரே வேலூர்க் கோட்டை மதில் மாதிரி கருங்கல்லில் கட்டியது. அந்தக் கத்தல் கல் சுவரில் மோதித் தெரு முழுக்கக் கேட்கும்.

அவர் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை பார்க்கிறார், உனக்குத் தெரியும். சில வாரம் கடலில், சில வாரம் வீட்டில். பாப்பா இப்படி ஆனபோது அவர் ஹெலிகாப்டர் ஏறி நாலு நாள் ஆகியிருந்தது.

அம்மாவிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். படிக்கும்போது அவள் இருந்தால் தம்பி இதை விட்டுவிடட்டும். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குப் பாலூட்ட சோபாவில் உட்கார்ந்தேன். எப்போது கண் அசந்தது என்றே தெரியாது. விழித்துப் பார்த்தால் மடியில் குழந்தை இல்லை. என் முழங்கைக்கும் சோபாவின் கைப்பிடிக்கும் நடுவில் சரிந்து, முகம் துணியில் பாதி புதைந்து கிடந்தாள். எடுத்ததும் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சே வந்தது. விடியும்வரை அவளைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன், உட்கார பயமாக இருந்தது.

காலையில் ஹெல்த் விசிட்டருக்குப் போன் செய்தேன். நம் ஊரில் வீடு வீடாக வருவார்களே நர்ஸம்மா, அது மாதிரிதான். மதியமே வந்துவிட்டார். சோபாவில் நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையோடு தூங்கிப்போவதற்கு இருப்பதிலேயே ஆபத்தான இடம் சோபாதான், இனி இராத்திரிப் பாலுக்கு அங்கே உட்காரவே வேண்டாம் என்றார். கட்டிலில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல் கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் போடச் சொன்னார். இந்த நாட்டில் 1991இல்தான் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்களாம். அதற்குப்பின் தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவது பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

அப்புறம் காலண்டரைக் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. நாலு மாதத்தில் நிறையக் குழந்தைகளுக்கு இப்படி வரும், நோய் இல்லை, மூளை வளர்கிறது என்றார். பிறந்த குழந்தையின் தூக்கம் வேறு மாதிரியாம். மூன்று நாலு மாதத்தில் அது பெரியவர்கள் தூக்கம் போல மாறுகிறது: லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், மறுபடி லேசு. ஒரு சுற்று முடிய முக்கால் மணி, ஐம்பது நிமிடம். சுற்று முடிகிற இடத்தில் நாமும்தான் லேசாக விழிக்கிறோம், புரண்டு படுத்துவிடுகிறோம், காலையில் ஞாபகம் இருக்காது. குழந்தைக்கு அது இன்னும் பழகவில்லை. என் தோளில் தூங்கினவள் கண்ணைத் திறந்தால் தோளும் இல்லை, என் வாசனையும் இல்லை, தனியாகக் கட்டிலில் கிடக்கிறாள். அழாமல் என்ன செய்வாள்? பாலும் குறையில்லை, எடை நன்றாக ஏறியிருக்கிறது என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார். ஆயா, அந்த ஒரு வார்த்தைக்கு நான் தேம்பித் தேம்பி அழுதேன். அதுவரை என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனபின் உன் ஏணைதான் நினைவுக்கு வந்தது. தறிக் குழிக்குப் பக்கத்தில் உத்தரத்தில் பழைய நூல்சேலையைக் கட்டி, கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, நெய்கிற நூலைத் தாராகச் சுற்றுவாயே. கை ராட்டையில், கால் ஏணையில். தம்பி கொஞ்சம் அசைந்தால் ராட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே விரலை ஒரு இழுப்பு இழுப்பாய், அவன் மறுபடி அடங்கிவிடுவான். உன் கட்டைவிரலில் அந்தக் கயிறு உரசிய தழும்பு வெள்ளையாக இருக்கும், நான் தடவிப் பார்த்திருக்கிறேன். எதிரில் தாத்தா நெய்துகொண்டிருப்பார். தறியின் நாடா நூலோடு அந்தப்பக்கம் ஓடி இந்தப்பக்கம் வரும், பலகை இடிக்கும். அந்த ஏணையில்தான் நானும் வளர்ந்தேன். அமைதியான அறையில் யாரும் எங்களைத் தனியாகப் போட்டதே இல்லை. குழந்தை கண் விழித்தால் அதே ஆட்டம், அதே தறிச் சத்தம், அதே ஆட்கள். தூங்கும்போது இருந்தது எதுவும் மாறியிருக்காது. நர்ஸம்மா சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் பிடிபட்டது.

இங்கே ஏணை கட்ட முடியாது. கூரையில் மாட்ட வழியும் இல்லை, தட்டையாகத்தான் படுக்க வைக்க வேண்டும் என்கிறார்கள். நீ வளர்த்ததைக் குறை சொல்வதாக நினைக்காதே. நீ கண்ணெதிரே வைத்துக்கொண்டிருந்தாய், ஒருவர் நகர்ந்தால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருந்தார். இங்கே பாதி நாள் நான் ஒருத்திதான்.

அதனால் இருப்பதை வைத்து ஒரு வழக்கம் செய்திருக்கிறேன். காலை எழுந்ததும் வண்டியில் வைத்துக் கடற்கரை வரை ஒரு நடை. பகல் வெளிச்சம் முகத்தில் படட்டும், இரவு பகல் வித்தியாசம் உடம்புக்குத் தெரியட்டும் என்று. சாயங்காலம் ஆறரைக்கே ஜன்னலில் கறுப்புத் திரை. வெந்நீர் குளியல், பால், ஆராரோ, எல்லாம் தினமும் ஒரே வரிசையில். முழுசாகத் தூங்கும்முன் கண் சொக்கும்போதே கட்டிலில் விட்டுவிடுகிறேன், கை மட்டும் நெஞ்சில். புரள ஆரம்பித்துவிட்டாள், அதனால் துணியில் சுற்றுவதை நிறுத்தி, கை வெளியே இருக்கிற தூக்கப் பை ஒன்றில் போடுகிறேன். நடு இராத்திரி முனகினால் உடனே ஓடாமல் ஒரு நிமிடம் பொறுக்கிறேன். பாதி நேரம் அது தூக்கத்திலேயே வருகிற முனகல்தான். முன்பு நானே போய் எழுப்பிவிட்டிருக்கிறேன் போல.

கீழ்வீட்டு அம்மா, கதவைச் சாத்திவிட்டு அழவிடு, மூன்று நாளில் பழகிவிடும் என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். ஒரு நாள் முயன்றேன், ஏழு நிமிடம். மூச்சு முட்ட அழுது கன்னமெல்லாம் நனைந்துபோயிருந்தது. இனி யார் சொன்னாலும் அதைச் செய்யமாட்டேன். ஆறு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு அதெல்லாம் வேண்டாம் என்று நர்ஸம்மாவும் சொல்லிவிட்டார்.

அம்மா அனுப்பிய வசம்பு வளையல் வந்தது. சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறாள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்றிருக்கிறார்கள், நானும் கொடுக்கப்போவதில்லை. கையில் போட்டால் வாயில் வைத்துக் கடிப்பாள். அதனால் ஜன்னல் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். அறைக்குள் நுழைந்தால் நம் வீட்டு வாசனை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

முழுசாகச் சரியாகவில்லை. நேற்று 9.40க்குத் தூங்கியவள் 1.10க்குத்தான் எழுந்தாள். மூன்றரை மணி நேரம்! அப்புறம் 2.30, 3.45. இன்று மறுபடி எப்படியோ. இன்னும் சில வாரம் ஆகலாம் என்கிறார்கள். அவர் செவ்வாய்க்கிழமை கரைக்கு வருகிறார், வந்தால் முன்னிரவு அவர் பார்த்துக்கொள்வார், நான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்குவேன். வியாழக்கிழமை முதன்முதலாகக் குப்புற விழுந்தாள். உன் கணக்கில் நான் பூரணக் கொழுக்கட்டை செய்தேன், ஒன்றை உனக்காகவும் சாப்பிட்டேன். வைகாசி முதல் தேதி நம் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரமுடியவில்லை. அடுத்த வருஷம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கண்டிப்பாக வருவோம்.

ஒரே ஒரு உதவி. அறையில் ஏதாவது ஒரே சீரான சத்தம் மெதுவாக ஓடினால் பாப்பா லேசாக விழித்தாலும் தானே மறுபடி தூங்குகிறாள். மழைச் சத்தம் வைத்துப் பார்த்தேன், அடுப்புக்கு மேலே இருக்கிற புகை ஃபேனைக்கூட ஓடவிட்டேன். எனக்கு நம் தறிதான் வேண்டும். தாத்தா நெய்யும்போது தம்பியைப் போனைத் தறிக்கு இரண்டு அடி தள்ளி, தரையில் துணி போட்டு அதன்மேல் வைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்து அனுப்பச் சொல். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடாத நேரமாகப் பார்க்கட்டும். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்று. நடுவில் தாத்தா இருமினால் பரவாயில்லை, நிறுத்த வேண்டாம்.

அன்புடன்,
உன் பேத்தி