பலகையும் காய்களும் மட்டும் போதுமா, ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பிரக்ஞானந்தா செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கிய கதையை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். செஸ்ஸுக்கு முழுப் பக்கம் கிடைப்பது அடிக்கடி நடக்கிற காரியமா என்ன? ஆனால் கட்டுரையின் நடுவில் உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "சதுரங்கம் பெரிய செலவு வைக்காத விளையாட்டு, ஒரு பலகையும் முப்பத்திரண்டு காய்களும் இருந்தால் எந்த வீட்டிலிருந்தும் ஒரு கிராண்ட்மாஸ்டர் வரலாம்." ஒருவேளை கேலிக்கு எழுதினாரோ என்று இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே நம்பித்தான் எழுதியிருக்கிறார்.

கிராண்ட்மாஸ்டர் பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று நார்ம் (பட்டத்துக்குரிய தரத்தில் ஒரு போட்டியை ஆடி முடித்ததற்கான தகுதி) வேண்டும், ரேட்டிங் என்கிற ஆட்டத்திறன் புள்ளி 2500ஐத் தொட வேண்டும். நார்ம் வாங்க ஒன்பது சுற்றாவது ஓடுகிற போட்டி வேண்டும். எதிரில் உட்காருகிறவர்களில் மூன்று பேராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும், வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் இருக்க வேண்டும். இவ்வளவும் அமைந்த பிறகு ஆட்டத்தின் தரம் 2600 கணக்கில் வர வேண்டும். இத்தனை கிராண்ட்மாஸ்டர்கள் சென்னைப் பாடி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பதில்லை. அதனால்தான் பாடியில் வளர்ந்த அந்தப் பையன் முதல் நார்முக்கு 2017இல் இத்தாலி போனான். இரண்டாவது நார்ம் 2018 ஏப்ரலில் கிரீஸில். மூன்றாவது அதே ஆண்டு ஜூனில், மறுபடியும் இத்தாலியில், ஓர்டிசேய் என்கிற மலையூரில். அப்போது அவனுக்கு 12 வயது 10 மாதம்.

அந்த ஓர்டிசேய் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது சுற்றில் லூக்கா மொரோனி என்ற இத்தாலி கிராண்ட்மாஸ்டரை ஜெயித்த பிறகும் நார்ம் உறுதியாகவில்லை. கடைசிச் சுற்றில் போதுமான ரேட்டிங் உள்ள ஒருவர் எதிரே வந்தால்தான் எதிராளிகளின் ரேட்டிங் சராசரி தேறும் என்கிற நிலைமை. நல்ல வேளை, வந்தார். வராமல் போயிருந்தால்? பையனின் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லாமலே, இன்னொரு விசா, இன்னொரு விமான டிக்கெட், இன்னொரு ஓட்டல் அறை. பலகையும் காயும் எந்த நாட்டில் விசா வாங்கித் தருகின்றன என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

பையனின் அப்பா ரமேஷ்பாபு கூட்டுறவு வங்கி அதிகாரி. மகள் வைஷாலியின் செஸ் செலவையே சமாளிக்க முடியாமல் மகனை இதில் சேர்க்கத் தயங்கியதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். இது உங்கள் கட்டுரையில் இல்லை. அம்மா நாகலட்சுமி போகிற நாட்டுக்கெல்லாம் குக்கர் எடுத்துப் போய் ரசம் சாதம் ஆக்கிக் கொடுத்தது மட்டும் உருக்கமாக ஒரு பத்தி வந்திருக்கிறது. அந்த அம்மா தன் வீட்டை விட்டு, வேலைக்குப் போகிற கணவரை விட்டு எத்தனை காலம் ஓட்டல் அறைகளில் கழித்தார் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? உலகச் சாம்பியன் பட்டம் வென்ற சென்னைப் பையன் குகேஷின் கதையும் வேறல்ல. அப்பா காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தி வைத்தார், குடும்பம் அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. நண்பர்கள் கைகொடுத்ததை குகேஷே சொல்லியிருக்கிறார். டாக்டர் வீட்டிலேயே இந்த நிலைமை என்றால் மற்ற வீடுகளைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது. என் மகளும் ஆடினாள். மாவட்டத்தில் பெயர் சொல்லும்படிதான் ஆடினாள். பயிற்சியாளருக்கு மணிக்கணக்கில் பணம், அவர் கேட்ட மென்பொருளுக்கு ஒரு பணம், அது ஓடுகிற மாதிரி ஒரு லேப்டாப், சில போட்டிகளில் கடிகாரமும் நாமே கொண்டுபோக வேண்டும். சீட்டு எடுத்த பணமெல்லாம் இதற்கே போனது. புவனேஸ்வரத்தில் ஒரு ரேட்டிங் போட்டி. டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட, அவளைப் பாதி சீட்டில் சாய்த்துவிட்டு நான் கழிவறைப் பக்கம் நியூஸ்பேப்பர் விரித்து உட்கார்ந்து போனேன். (உங்கள் நாளிதழ்தான். அந்த வகையில் உங்களுக்கு நன்றி.) பத்தாம் வகுப்பு வந்ததும் பள்ளியில் வருகைப் பதிவைக் காட்டி மிரட்டினார்கள். மாநிலப் போட்டியில் அவள் வாங்கிய கோப்பை அவர்களுடைய விளம்பரத் தட்டியில் இருந்தது, அவளுக்கு மட்டும் லீவு இல்லை. அத்தோடு நின்றது. இப்போது வேலையில் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். அவளுக்காக நான் இதை எழுதவில்லை.

எங்கள் ஊரில் போட்டிகள் பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில்தான். பந்தி மேசை மேல் பேப்பர் ரோலை விரித்துப் பலகைகளை வைப்பார்கள், பிள்ளைகள் ஆட்டத்தை எழுதுகிற தாள் ஃபேன் காற்றில் பறக்கும், பெற்றோரெல்லாம் வெளியே செருப்புகளுக்கு நடுவே காத்திருப்போம். அப்படி ஒரு போட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சுமை தூக்குகிற தொழிலாளி. அவர் பையன் என் மகள் உட்பட நாலைந்து பேரை வரிசையாகச் சாய்த்துவிட்டு வந்தான். அவருக்குக் காய் நகர்த்தவே தெரியாது. "சார், இந்த ரேட்டிங்னு சொல்றாங்களே, அதுக்கு எம்புட்டு ஆகும்?" என்று கேட்டார். நுழைவுக் கட்டணம், ரயில், தங்குகிற இடம், சாப்பாடு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், அப்புறம் எழுந்து பையனின் செருப்பைத் தேடப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பையனை எந்தப் போட்டியிலும் நான் பார்க்கவில்லை. உங்கள் கட்டுரையாளர் அவரைத் தேடிப்பிடித்து, பலகையும் காயும் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரட்டும்.

ஜெயித்த பிறகு பணம் வருகிறது, மறுக்கவில்லை. 2023 உலகக் கோப்பையில் இரண்டாமிடம் வந்ததும் பிரக்ஞானந்தாவுக்குத் தமிழக அரசு 30 லட்சம் கொடுத்தது. உலகச் சாம்பியனான குகேஷுக்கு 5 கோடி. கொடுக்கட்டும், தகுதியான பிள்ளைகள். ஆனால் ஒரு பையன் ரேட்டிங்கில் 1500க்கும் 2000க்கும் நடுவில் தத்தளிக்கும்போது, அவன் அப்பா செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது, யார் வருகிறார்கள்? ஒரு காலத்தில் மூத்த செஸ் வீரர் மானுவேல் ஆரோன் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப்பை நடத்தினார். ஆனந்த் சிறுவனாக அங்கே போய்த்தான் ஆடினார். அதே ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது எங்கே? கோயம்புத்தூரில், சக்தி ஃபைனான்ஸ் நடத்திய சர்வதேசப் போட்டியில். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் நம்மூருக்கு வந்ததால் நார்ம் வீட்டுக்கு அருகிலேயே கிடைத்தது. இன்றைக்கும் சென்னையில் பெரிய போட்டிகள் நடக்கத்தான் செய்கின்றன. திண்டுக்கல்லுக்கும் தென்காசிக்கும் எப்போது வரும் என்று உங்கள் நிருபர் யாரையாவது ஒரு கேள்வி கேட்டிருக்கிறாரா? 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கருப்பு வெள்ளை பெயின்ட் அடித்ததை நான்கு நாள் படம் போட்டீர்களே, அந்தப் பாலத்துக்குக் கிடைத்த இடத்தில் பாதி இந்தக் கேள்விக்குப் போதும்.

எழுத உட்கார்ந்தாயிற்று, மற்றதையும் சொல்லிவிடுகிறேன். வைஷாலியை இன்னும் எத்தனை காலம் "பிரக்ஞானந்தாவின் அக்கா" என்றே எழுதுவதாக உத்தேசம்? வீட்டில் முதலில் காய் தொட்டது அவர். டிவி பார்ப்பதைக் குறைக்க அவரைச் செஸ்ஸில் சேர்த்தார்கள், அவர் ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி வந்தான். 2023இல் அவரும் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஹம்பி, ஹரிகா இருவருக்கு அடுத்து அந்தப் பட்டம் பெற்ற மூன்றாவது இந்தியப் பெண். அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் என்பது உலகத்திலேயே முதல் தடவை. உங்கள் முழுப் பக்கத்தில் அவருக்கு அரை வாக்கியம். அதுவும் அவர் தம்பியோடு வீட்டில் ஆடுவார் என்பதற்காக.

அப்புறம் அந்தப் படம். கட்டுரைக்கு மேலே ஐந்து பத்தி அகலத்தில் ஒரு செஸ் பலகை. வலது கை மூலையில் கருப்புக் கட்டம். அங்கே வெள்ளைக் கட்டம்தான் வர வேண்டும் என்று எங்கள் ஊர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லும். போதாக்குறைக்கு ராஜாவும் ராணியும் இடம் மாறி நிற்கிறார்கள். மட்டையைத் தலைகீழாகப் பிடித்த கோலியின் படத்தை உங்கள் விளையாட்டுப் பக்கம் ஒரு நாளும் அச்சேற்றாது. செஸ் என்றால் யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். நான் கவனித்தேன், மன்னிக்கவும்.

ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்த செஸ் புதிரை நிறுத்தி அந்த இடத்தை ராசிபலனுக்குக் கொடுத்தபோதும் எழுதினேன். பதில் வரவில்லை. அந்தக் கடிதம் தங்கள் பார்வைக்கு வந்திருக்காது என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது கேட்பது சின்ன விஷயம்தான். மாவட்டச் செஸ் போட்டி அறிவிப்புகளை அமைப்பாளர்கள் உங்கள் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அது அச்சில் வருவதற்குள் போட்டி முடிந்து, பரிசு கொடுத்து, மண்டபத்தில் அடுத்த முகூர்த்தத்துக்கு வாழைமரமும் கட்டியிருப்பார்கள். இனிமேல் வியாழக்கிழமை மாவட்டப் பக்கத்தில், ஒரு கட்டத்துக்குள், தேதி, இடம், நுழைவுக் கட்டணம் மூன்றையும் போடுங்கள். கட்டணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், பெற்றோர் முதலில் பார்ப்பது அதைத்தான். இடம் இல்லை என்று சொல்வீர்களானால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைக்கலாம். என் ராசி விருச்சிகம். அதையே எடுத்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
திண்டுக்கல்.