காசு கொடுத்து மாடு ஓட்டினேன்

டென்வர்
20 ஜூலை 2025

அன்புள்ள செல்வம்,

தலைப்பைப் பார்த்துத் திட்டி முடித்துவிட்டாயா? சரி, மேலே படி. மகள் கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டதில் ரொம்ப சந்தோஷம். மண்டபம் நீ சொன்னதா, சம்பந்தி வீட்டார் சொன்னதா? (தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.) நம் ஹாஸ்டல் வார்டன் உடம்புக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. குண்டுவைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல், கடன் பேச்சை மட்டும் எடுக்காதே.

விஷயம் இதுதான். கணக்கு வாத்தியார் எனக்குச் சொன்ன ஜோசியம் பலித்துவிட்டது. வயோமிங் மாநிலத்தில் பிக்ஹார்ன் மலையடிவாரத்துப் பண்ணை ஒன்றுக்குப் போய், குதிரைமேல் உட்கார்ந்து மாடு ஓட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு முன்பதிவு, முன்பணம், கை கால் போனால் கேட்க மாட்டேன் என்று கையெழுத்து, எல்லாம் உண்டு. என் மனைவி இன்னும் அந்த பில்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இது இன்று நேற்று வந்த மோகம் இல்லையாம். 1880களிலேயே டக்கோட்டாவில் பண்ணை வைத்திருந்த ஈட்டன் சகோதரர்களிடம் கிழக்கிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கியவர்கள், வெட்கப்பட்டுக்கொண்டு தாங்களே காசு கொடுக்க ஆரம்பித்தார்களாம். 1904இல் அந்தக் குடும்பம் வயோமிங்கில் ஷெரிடன் பக்கம் வந்துவிட்டது. இப்போது பல பண்ணைகளில் மாடு பாதி சோறு போட்டால் எங்களைப் போன்ற டவுன்காரர்கள் மீதிச் சோறு போடுகிறோம். கோடையில் மாடுகளை மேய ஓட்டிப்போகும் மலைமேல் இருப்பது அரசாங்கக் காடு. ஒரு பசுவும் கன்றும் சேர்ந்து அங்கே ஒரு மாதம் மேய 2025இல் வனத்துறை வாங்கிய கட்டணம் 1.35 டாலர். ஒரே ஒரு நாள் நான் அதே மலையில் ஏறி இறங்கக் கொடுத்ததை இங்கே எழுத மாட்டேன், நீ மகளுக்குப் படித்துக் காட்டுவாய்.

குதிரை பற்றிப் பயப்படாதே. நான் ஓட்டவே இல்லை, அது என்னைக் கூட்டிக்கொண்டு போனது. குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனம். மாடு ஒன்று வரிசையை விட்டு விலகினால் நான் பார்ப்பதற்கு முன்பே அதன் காது திரும்பிவிடும். கடிவாள வார் ஒரு கையில்தான். இன்னொரு கை சும்மா இருக்க வேண்டும், ஆனால் என்னுடையது சேணத்தின் முன்கொம்பை விடவே இல்லை. முன்னால் போகிறவர்கள் பழகிய ஆட்கள், பக்கவாட்டில் கொஞ்சம் தெரிந்தவர்கள், விருந்தாளிகள் கடைசியில். மந்தை கிளப்பும் புழுதி முழுக்க எங்களுக்குத்தான். பேருக்குத்தான் ஓட்டுவது. கத்தக் கூடாது, விரட்டக் கூடாது. மாட்டின் தோளுக்குப் பின்னால் நாம் நகர்ந்தால் அது முன்னே போகும், தோளைத் தாண்டி முன்னால் வந்துவிட்டால் நின்று திரும்பும். போதும் என்றால் விலகிவிட வேண்டும், அதிலிருந்து அது தானாக நடக்கும். விலங்குகளின் நடத்தையை ஆராயும் டெம்பிள் கிராண்டின் படம் போட்டு விளக்கியதை மாட்டு டாக்டர் நீ படித்திருப்பாய். நான் முழங்கால் வலியோடு கற்றேன்.

அப்புறம், இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? அந்தக் காலத்தில் டெக்ஸஸிலிருந்து வடக்கே நடத்தியே ஓட்டிப்போன மந்தைகள் ஏன் நின்றுபோயின என்று ஒரு ராத்திரி பேச்சு வந்தது. ரயில் வந்தது, 1874இல் கிளிட்டன் என்பவர் முள்கம்பி வேலிக்குக் காப்புரிமை வாங்கினார், இதெல்லாம் எல்லோரும் சொன்னார்கள். உண்ணியை யாருமே சொல்லவில்லை! உண்ணி கடித்து மாட்டுக்கு மூத்திரம் சிவப்பாகப் போகுமே, அந்த நோய்தான். டெக்ஸஸ் மாடுகளுக்கு அது பழகிப்போனது, அவை நடந்துபோன வழியில் இருந்த கான்ஸஸ் மாடுகள் செத்து விழுந்தன, அங்கத்து விவசாயிகள் துப்பாக்கியோடு வழிமறித்தார்கள். கடைசியில் மாநிலமே கதவைச் சாத்தியது. உண்ணிதான் பரப்புகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் அறிக்கை போட்டார்கள். இதை எனக்கு ஹாஸ்டல் மாடியில், பரீட்சைக்கு முந்தைய இரவு, நீ கத்திக் கத்திப் படித்தே சொல்லிக்கொடுத்தாய். அவர்கள் முன்னால் பெரிய அறிவாளி போல் விளக்கிவிட்டு வந்தேன், உன் பெயரைச் சொல்லவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை.

நடக்கும்போது பசுக்கள் முன்னேறிவிடும், கன்றுகள் பின்தங்கிவிடும். தாயைக் காணாத கன்று முன்னால் தேடாது. கடைசியாகப் பால் குடித்த இடத்துக்குத் திரும்பி ஓடும். ஒன்று ஓடினால் பின்னாலேயே இருபது ஓடும். அதனால் மேலே புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. மந்தையைச் சுற்றிக் குதிரைகளை நிறுத்தி, ஒவ்வொரு பசுவும் தன் கன்றைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். செல்வம், அந்தச் சத்தம்! திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய்கள் நூறு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? பசு வரும், மோந்து பார்க்கும், தன்னுடையது இல்லையென்றால் முட்டித் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகும். எல்லாம் ஆங்கஸ் என்ற கறுப்பு இனம், எனக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறையும். கன்று மடியில் முட்டிக் குடிக்க ஆரம்பித்ததும், அந்த ஜோடியைத் தனியே போக விடுவார்கள். என் பக்கம் ஒரு பசு மட்டும் கத்திக்கொண்டே நின்றது. வேலையாள் ஒருவன் வந்த வழியே இறங்கிப் போய், லார்க்ஸ்பர் புதரோரம் படுத்துக் கிடந்த கன்றைச் சேணத்தின் குறுக்கே போட்டுக்கொண்டு வந்தான். (அந்த ஊதாப்பூச் செடி மாட்டுக்கு விஷம். அதைக் கண்டாலே அவர்கள் முகம் மாறிவிடும்.) அது வந்து சேரும்வரை ஒருத்தரும் சாப்பிடப் போகவில்லை.

பண்ணைக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அடுத்து இவற்றை எப்போது கீழே இறக்குவீர்கள் என்று கேட்டேன். அக்டோபர் என்றார். அப்புறம் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். ஆயிரக்கணக்கில் அடைத்து மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைக்கும் பட்டிகளுக்கு, பெரும்பாலும் நெப்ராஸ்காவுக்கு. "எங்களுக்கு வருஷத்துக்கு ஒரே சம்பள நாள் அதுதான்" என்றார். ஒளித்தும் சொல்லவில்லை, வருத்தப்பட்டும் சொல்லவில்லை. தொலைந்த கன்றுக்காகச் சாப்பிடாமல் நின்றதும் அவர்தான். அதில் ஒரு துளி நடிப்பு இல்லை, நான் பார்த்தேன்.

சமையல்காரர் எனக்கு மட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் வைத்து, மாடு ஓட்ட வந்த சைவன் என்று தினமும் கிண்டல் செய்தார். சைவம் என்பதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. பொள்ளாச்சிச் சந்தையில் இறைச்சிக்காகக் கேரள லாரி ஏறும் கலப்பினக் காளைக்கன்றுகளைப் பற்றி நீ சொன்ன நாளிலிருந்து என் காபியில் விடும் பாலும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். காலையில் பிரசவம் பார்த்துவிட்டு மாலையில் விலைக்குப் போகும் மாட்டுக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவாயே, அப்போது உன் மனதில் என்ன ஓடும்? ஹாஸ்டல் காலத்திலிருந்து இத்தனை பேசியிருக்கிறோம், இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "பழகிவிடும்டா" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே, பக்கம் பக்கமாக எழுது.

உன்னை அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணம் முடிந்து அடுத்த ஜூனில் வா. குதிரை ஏற வேண்டாம், சமையல் வண்டியில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் மாடுகளுக்கு இலவசமாக வைத்தியம் சொல். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பி.

உன்
ராகவன்