எந்தப் புறாவைச் சொல்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இம்பீரியல் புறாவைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, "புறா தின்ற விதை முளைக்காது, அரைபட்டுப் போகும்" என்று ஒரே போடாகப் போட்டிருந்தார்கள். எந்தப் புறா? தங்களுக்குத் தெரியாததல்ல, எழுதியவருக்குத்தான் எல்லாப் புறாவும் ஒன்று போலிருக்கிறது.

அரைப்பது பச்சைப் புறா. அதன் இரைப்பை கெட்டித் தசை. விழுங்கிய பொடிக்கல்லின் துணையோடு அத்தி விதையை அரைத்துவிடும். இம்பீரியல் புறா, அதாவது அறிவியல் பெயரில் டுக்குலா ஏனியா, 1766-லேயே லின்னேயஸ் என்ற இயற்கையியலாளர் பெயர் வைத்துவிட்ட பறவை. 45 செ.மீ. அளவு, சாம்பல் தலை, பச்சை மினுங்கும் முதுகு, வாலுக்கு அடியில் கருஞ்சிவப்பு. இதற்கு இரைப்பைச் சுவர் மெல்லிசு, குடலும் குட்டை. வாய் அகலமாக விரிந்துகொடுப்பதால் காட்டு ஜாதிக்காய்க் கொட்டையையே, மேலே பின்னிக் கிடக்கும் பத்திரியோடு முழுசாக விழுங்கும். சிவப்புப் பத்திரி மட்டும் உள்ளே கழன்று செரிக்கும். கொட்டை சேதமில்லாமல் வெளியே வந்துவிடும், பெரிதாக இருந்தால் வாய்வழியாகவே. அப்படிக் கக்கிய கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பத்திரி பின்னிக் கிடந்த தடம் ஓட்டின் மேல் பள்ளம் பள்ளமாக அப்படியே இருக்கும். அரைத்த லட்சணம் அதுதான்!

மழைக்காலம் வந்தால் விதைப்பந்துக்கு முழுப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். ஜாதிக்காய் இனத்து விதை காய்ந்தால் செத்துப்போகும். அதை மண்ணில் உருட்டி உலர்த்தினால் மிஞ்சுவது மண்ணுருண்டை. தாய்மரத்தை விட்டு எட்டப் பறந்துபோய், ஈரம் காயாமல் விதையைப் போடுகிற பறவைக்கோ நாலு வரி, அதிலும் பிழை. கூடவே மாடப்புறா படம் வேறு. அது போகட்டும்.

பொறுக்க முடியாதது அந்தப் பெட்டிச் செய்தி. அடிபட்ட காட்டுப் புறா எதுவானாலும் கம்பும் சோளமும் ஊட்டச் சொல்கிறது. தானியத்தை உடைக்கும் வலு இம்பீரியல் புறாவின் இரைப்பைக்கு ஏது? பழம்தான் வேண்டும், அதுவும் விழுங்கும் அளவில். பப்பாளியைப் பாதியாகப் பிளந்து முன்னால் வைத்தால் பார்த்துக்கொண்டு நிற்கும். இதற்குக் கொத்திக் குடைந்து தின்னும் வழக்கமில்லை. சிறு சிறு துண்டாக நறுக்க வேண்டும். தண்ணீரை வாயில் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கிண்ணத்தில் வைத்தால் அலகை அமிழ்த்தி, தலையைத் தூக்காமல் தானே உறிஞ்சும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, சீக்கிரம் வனத்துறையிடம் சேர்க்க வேண்டும். இந்தப் புறா ஒரு தடவைக்கு இடுவது பெரும்பாலும் ஒரே முட்டை. இறைச்சிக்காக வேட்டைக்காரர்கள் சுடுவது போதாதென்று பத்திரிகையும் தன் பங்குக்கு யோசனை சொல்ல வேண்டுமா?

அடுத்த ஞாயிறு, பெட்டிச் செய்தி வந்த அதே பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். "வருந்துகிறோம்" எல்லாம் வேண்டாம். இந்தப் புறாவுக்குக் கம்பும் சோளமும் ஆகாது என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்